முகநரம்பைக் காத்த அவுஸ்திரேலியர் சேர் ஹியூ கெயர்ன்ஸ்

தென் அவுஸ்திரேலியாவின் போர்ட் பிரி துறைமுக நகரில் 1896 ஆம் ஆண்டு ஜூன் 26 ஆம் திகதி ஹியூ கெயர்ன்ஸ் பிறந்தார். தந்தை ஸ்கொட்லாந்திலிருந்து வந்து குடியேறியவர். அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற கெயர்ன்ஸ், முதலாம் உலகப் போரில் அவுஸ்திரேலியப் படையில் பணியாற்றினார். 1917 இல் ரோட்ஸ் புலமைப்பரிசில் பெற்றார். போர் முடிந்தபின் ஒக்ஸ்போர்ட் சென்றார். பின்னர் இங்கிலாந்தே அவரது வாழிடமாயிற்று.

1926 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குச் சென்று, ஹார்வி குஷிங்கிடம் ஓராண்டு மூளைச் சத்திரசிகிச்சை பயின்றார். அக்கால மருத்துவரை அஞ்சவைத்த நோய்களுள் ஒன்று செவிநரம்புக் கட்டி. இலட்சத்தில் ஒரு சிலருக்கே தோன்றும் இக்கட்டி, உட்செவியிலிருந்து மூளைக்குச் செல்லும் சமநிலை நரம்பின் உறையில் முளைக்கிறது. இது புற்றுநோயன்று, மெல்ல வளர்வது. ஆயினும் பெரிதானால் மூளைத்தண்டை நெருக்கி உயிரைப் பறிக்கும். நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்குச் சத்திரசிகிச்சை பெற்றோரில் பெரும்பாலோர் மாண்டனர்.

ஒரு காது மந்தமாதல், இரைச்சல், தள்ளாட்டம், முக விறைப்பு என அறிகுறிகள் தோன்றும் வரிசையைக் கொண்டே நோயைக் கணிக்கும் முறையைக் குஷிங் 1917 இல் தனிநூலாக வெளியிட்டார். கட்டியின் உட்பகுதியை மட்டும் அகற்றிப் பல உயிர்களைக் காத்தார். எனினும் எஞ்சிய பகுதி மீண்டும் வளரக்கூடியது. முழுமையாக அகற்ற முனைந்தாலோ, கட்டியோடு ஒட்டிச் செல்லும் முகநரம்பு அறுபடும். கண் மூடாது, வாய் கோணும்.

இந்த இக்கட்டுக்கு 1931 இல் கெயர்ன்ஸ் ஒரு வழி காட்டினார். நோயாளி ஒருவரின் கட்டியை முழுமையாக அகற்றியும் முகநரம்பை அறுபடாது காத்தார். சிகிச்சைக்குப்பின் செயலிழந்த முகம் தானாகவே தேறியது. உயிரோடு முகத்தையும் காக்கலாம் என்பதற்கு அதுவே முதற் சான்றாகக் கருதப்படுகிறது.

1937 இல் ஒக்ஸ்போர்டில் சத்திரசிகிச்சைப் பேராசிரியரானார். மோட்டார் சைக்கிள் விபத்தில் காயமுற்று 1935 இல் இறந்த ரி. ஈ. லோரன்ஸுக்குச் சிகிச்சையளித்தோருள் இவரும் ஒருவர். பின்னர் தலைக்கவசத்தின் பயனை ஆராய்ந்து நிறுவினார். மெல்பேர்னைத் தலைநகராகக் கொண்ட விக்டோரியா மாநிலம் 1961 இல் அதைக் கட்டாயமாக்கியது. அதனைக் காண அவர் இருக்கவில்லை. 1952 ஜூலை 18 இல், 56 ஆவது வயதில் காலமானார்.

இன்று காந்த அதிர்வுப் படம் சில மில்லிமீற்றர் கட்டியையும் காட்டிவிடுகிறது. ஒரு காது மந்தமாவது பெரும்பாலும் வேறு காரணத்தாலேயே. ஆயினும் வயதின் கோளாறென்று வாளாவிருத்தல் தகாது. மொழி தடையெனின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெற்றேனும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.