பனிக்கட்டி ராஜா



மெரினா எதிரில் இருக்கும் விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து வந்த ஐஸை வைக்க 1842-ல் கட்டியது. அந்த வியாபாரத்தின் ராஜா ஃபிரடெரிக் டியூடர்.

1783-ல் பாஸ்டனில் பிறந்தவர். குளத்தில் உறைந்த பனியை வெட்டி, 1806-ல் மார்ட்டினிக் தீவுக்குக் கப்பலில் அனுப்பினார். ஊரே சிரித்தது. நஷ்டம், கடன், சிறை! ஆனாலும் விடவில்லை. மரத்தூள் போட்டு மூடினால் வெப்பம் சீக்கிரம் உள்ளே போகாது என்று கண்டுகொண்டார். 1833-ல் கல்கத்தாவுக்கு 180 டன் புறப்பட்டது. நாலு மாதம் கடலில் கிடந்தும் சுமார் 100 டன் வந்து சேர்ந்தது! 1864-ல் அவர் மறைந்தார். பிறகு ஐஸ் மெஷின்கள் வந்து அந்த வியாபாரத்தையே முடித்துவிட்டன.

போன லீவில் செம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஐஸ் மெஷின் மாட்ட, மெக்கானிக் அண்ணன் கூட எடுபிடியா போனேன். ஐஸ் விழுகிற பெட்டியில் கூலிங் காயிலே இல்லை. சுற்றிலும் இன்சுலேஷன் மட்டும்தான். கரைகிற தண்ணி வடிய டிரெயின் பைப்புக்குச் சரிவு கொடுக்கணும், இல்லேன்னா தண்ணி தேங்கி மிச்ச ஐஸும் போச்சு. டியூடர் பட்ட பாடு அப்போதான் புரிந்தது.

எங்க வீட்டில் முதன்முதலா படிக்க வந்தவன் நான். இரண்டு அரியர் விழுந்ததும் நின்னுடலாம்னு நினைத்தேன். நிற்கவில்லை. சீட் வாங்கியாச்சு நண்பர்களே, இனி கரையாம காப்பாத்துவோம்!