டாக்டர் முத்துலக்ஷ்மி அம்மையாரும் மாதர் சங்கத்தின் தர்ம வைத்தியமும்

நமது சங்க அங்கத்தினர்க்கும் அவர்தங் குடும்பத்தார்க்கும் பெரியோர் சரித்திரங்களை எடுத்துரைப்பது வீண் பொழுதுபோக்கின் பொருட்டன்று. அவர் நடந்த வழியிற் சிறிதேனும் நாமும் நடத்தல் வேண்டுமென்பது பற்றியேயாம். சங்கங் கூடுவதும், தீர்மானம் நிறைவேற்றுவதும், சிற்றுண்டி அருந்திக் கலைவதும் எளிது. கூடினோர் கையினின்று பொருள் திரட்டி, அதனை ஏழைப் பிணியாளர்க்கு மருந்தாக்கிக் கொடுப்பதோ அரிது. அவ்வரிய செயலைச் செய்து முடித்த டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அம்மையார் 1886-ஆம் வருஷம் ஜூலை மாதம் 30-ந் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நாராயணசாமி ஐயருக்கும் சந்திரம்மாளுக்கும் புதல்வியாய்ப் பிறந்தார். பெண்மக்கள் பருவமெய்தியவுடன் பள்ளியினின்று நிறுத்தப்பட்ட அக்காலத்தில், அவர் கல்வி வீட்டிலேயே தொடர்ந்து நடைபெற்றது. பின்னர் ஆடவரே பயின்ற மகாராஜா கலாசாலையில் அவரைச் சேர்ப்பதற்குத் தடை கூறினோர் பலராயினும், மன்னர் அனுமதி அளித்தனர். 1907-இல் சென்னை வைத்தியக் கலாசாலை புகுந்து, 1912-இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார்.

கற்ற வைத்தியம் கைவரப்பெற்ற அம்மையாருக்கும் ஆற்றொணாத் துயரொன்று நேர்ந்தது. அவருடைய இளைய சகோதரி ஒருவர் இளவயதிலேயே புற்றுநோயாற் பீடிக்கப்பட்டு மாண்டனர். தமக்கை வைத்தியராயிருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை. அந்நோய்க்கெனத் தனி வைத்தியசாலை தென்னாட்டில் அக்காலத்து இல்லை. 1925-இல் மேற்படிப்பிற்காக இங்கிலாந்து சென்றபோது, லண்டன் மாநகரிற் புற்றுநோய்க்கென்றே அமைந்த வைத்தியசாலையைக் கண்டார். அத்தகைய நிலையமொன்றைத் தம் நாட்டிலும் நிறுவுதல் வேண்டுமென்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கம் அம்மையாருக்கு உற்ற துணையாயிற்று. அச்சங்கத்தாரின் முயற்சியால் அவர் சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராகி, 1927-இல் அதன் உபதலைவராகத் தெரிந்தெடுக்கப்பெற்றார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். 1930-இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அப்பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்கு ஔவை இல்லம் அமைத்தார்.

1935-இல் சென்னை வைத்தியக் கலாசாலையின் நூற்றாண்டு விழாவிலே, புற்றுநோய் வைத்தியசாலை வேண்டுமென்னும் தம் விருப்பத்தைப் பலரறிய வெளியிட்டார். எனினும் அவ்விருப்பம் நிறைவேறப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. அந்நோய் வந்தோர் எவ்வாறும் மடிபவரே, அவர்க்குத் தனி வைத்தியசாலை எதற்கு என்பதே அக்காலத்துப் பலர் கருத்தாயிருந்தது. தீராத நோய்க்குச் செலவிடும் பொருள் ஆற்றிற் கரைத்த புளியாகும் என்றே உலகத்தார் எண்ணுவர். அம்மையாரோ, முற்றிய பின்னர் வருதலாலன்றோ தீராதாயிற்று, முளையிலே கண்டறிந்தால் தீர்க்கலாகும் நோயும் உளதன்றோ என்னும் துணிவுடையராயிருந்தார்.

1949-இல் மாதர் சங்கத்தார் புற்றுநோய் நிவாரண நிதியொன்றைத் தொடங்கினர். சங்கத்து மாதர் நன்கொடை திரட்டினர். 1952-இல் பிரதம மந்திரி ஜவஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1954-ஆம் வருஷம் ஜூன் மாதம் 18-ந் தேதி அடையாற்றில் பன்னிரண்டே படுக்கைகளுடன் வைத்தியசாலை தொடங்கிற்று. அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார். அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா அம்மையார் உடன் சேர்ந்து, 2021-இல் மறையும் வரை அப்பணியிலேயே நிலைத்திருந்தனர். ஏழைகளுக்குக் கட்டணமின்றியும் குறைந்த கட்டணத்திற்கும் சிகிச்சை அளிப்பதை அந்நிலையம் தன் கடமையாகக் கொண்டது. அம்மையார் 1968-ஆம் வருஷம் ஜூலை மாதம் காலமாயினார். அவர் வித்திட்ட நிலையமோ பெருமரமாய் வளர்ந்து, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வருவோர்க்கு இன்றும் நிழல் தருகின்றது.

அன்பர்களே! இவ்வரலாற்றால் நாம் அறியற்பாலன யாவை? ஒரு குடும்பத்தில் நேர்ந்த மரணம் அக்குடும்பத்தின் கண்ணீரோடு ஒழியாமல், ஊரார் அனைவர்க்கும் மருந்தாயிற்று. அது தனியொருவர் செல்வத்தாலன்று, சங்கமாய்க் கூடினோர் ஒற்றுமையாலேயே ஆயிற்று. அவ்வைத்தியசாலை நோயாளியின் குலத்தை வினவவில்லை, நோயையே வினவியது. நம் குலத்தார் நலம் பேணவே நாம் கூடியுள்ளோம், அது தவறன்று. ஆயினும் நமது நிதியில் ஒரு பங்கு, குலங் கேளாது பிணி தீர்க்கும் தர்ம வைத்தியத்திற்கு ஒதுக்கப்படுமாயின், நம் சங்கத்தின் பெருமை குறையாது, வளரும். நம் இல்லங்களிலும் பெண்மக்கள் தம் உடலில் தோன்றும் கட்டியையோ மாற்றத்தையோ நாணத்தால் மறைத்து வைத்தல் கூடாது. காலத்தில் வைத்தியரிடம் காட்டுமாறு அவர்க்கு எடுத்துரைத்தலும் தர்மமே. அதற்குப் பொருட்செலவும் வேண்டுவதில்லை.

வாழ்க அம்மையார் புகழ்!