பாப் விட்லர்

ராபர்ட் ஜான் விட்லர் (நவம்பர் 30, 1937 – பெப்ரவரி 27, 1991) ஓர் அமெரிக்க மின்னணுப் பொறியாளர். பாப் விட்லர் என்று பரவலாக அறியப்பட்டார். ஒப்புமைத் தொகுசுற்று வடிவமைப்பின் முன்னோடிகளுள் ஒருவர். நுண்செயலிகளுக்கு மின்சாரம் வழங்கும் மின்திறன் மேலாண்மைச் சில்லுகள் இவர் நடைமுறைப்படுத்திய கருத்துக்களை அடிப்படையாகக் கொண்டவை.

இளமை

விட்லர் ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். தந்தை வானொலிப் பொறியாளர். 1958 இல் வான்படையில் சேர்ந்து தொழில்நுட்பப் பணியாளருக்கு மின்னணுவியல் கற்பித்தார். 1961 இல் அதிலிருந்து விலகி, வேலை செய்துகொண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1963 இல் பட்டம் பெற்றார்.

ஃபேர்சைல்டில்

1963 இல் ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் நிறுவனத்தில் இணைந்தார். சில்லில் பெரிய மின்தடையங்களை அமைப்பது கடினம். ஆனால் ஒரே தன்மையுடைய டிரான்சிஸ்டர்களை அமைப்பது எளிது. இவ்வுண்மையையே தம் வடிவமைப்புக்கு அடிப்படையாக்கினார். இவரது மியூஏ702 (1964), மியூஏ709 (1965) ஆகிய செயற்பாட்டுப் பெருக்கிகள் பெரும் வரவேற்பைப் பெற்றன. மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தரும் விட்லர் மின்னோட்ட மூலம் இவர் பெயரால் வழங்குகிறது.

மின்னழுத்தச் சீராக்கி

பின்னர் நேசனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் எல்எம்100 என்ற சீராக்கியை உருவாக்கினார். அதற்கு வெளியுறுப்புகள் பல தேவைப்பட்டன. அக்காலத் தருக்கச் சுற்றுகளுக்கோ நிலையான 5 வோல்ட் வேண்டியிருந்தது. அதனை ஒரே சில்லில் அமைப்பதில் இரு தடைகள் இருந்தன. ஒன்று, மேற்கோள் மின்னழுத்தம் தந்த சீனர் டையோடுக்கே 6 வோல்ட்டுக்கு மேல் தேவைப்பட்டது. மற்றொன்று, அதிக மின்னோட்டத்தால் சில்லு சூடேறும்போது மேற்கோள் மின்னழுத்தமும் மாறக்கூடும்.

டிரான்சிஸ்டரின் அடிவாய்-உமிழி மின்னழுத்தம் ஒவ்வொரு பாகை செல்சியசு உயர்வுக்கும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. வெவ்வேறு மின்னோட்ட அடர்த்தியில் இயங்கும் இரு டிரான்சிஸ்டர்களின் மின்னழுத்த வேறுபாடோ வெப்பத்துடன் கூடுகிறது. இவ்வேறுபாட்டைத் தக்கவாறு பெருக்கி முன்னதுடன் கூட்டினால், வெப்பத்தால் பெரிதும் மாறாத சுமார் 1.2 வோல்ட் கிடைக்கும். இக்கருத்தை 1964 இல் ஃபேர்சைல்டைச் சேர்ந்த டேவிட் ஹில்பைபர் வெளியிட்டிருந்தார். அதைத் தொகுசுற்றில் நடைமுறைப்படுத்தியவர் விட்லர். 1970 அளவில் உருவான எல்எம்109, மூன்றே முனைகளுடன் 1 ஆம்பியருக்கு மேல் வழங்கியது. அளவுக்கு மீறிச் சூடேறினால் தானே மின்னோட்டத்தைத் தடுத்துத் தன்னைக் காத்துக்கொண்டது.

பிற்காலம்

மிகுதியான குடிப்பழக்கத்துக்கும் குறும்புகளுக்கும் பெயர்பெற்றவர் விட்லர். நேசனல் நிறுவனம் புல்வெட்டும் செலவைக் குறைத்தபோது, செம்மறியாடு ஒன்றைக் கொண்டுவந்து அலுவலகப் புல்தரையில் மேயவிட்டார். 1970 இறுதியில், தமது 33 ஆவது வயதில், வேலையை விட்டு மெக்சிக்கோவில் குடியேறினார். பின்னர் நேசனலின் ஆலோசகராகி, 1.1 வோல்ட்டிலேயே இயங்கும் எல்எம்10 பெருக்கியை வடிவமைத்தார். 1981 இல் லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவராக இருந்து, 1984 இல் விலகினார். 1991 இல் மெக்சிக்கோவின் புவேர்ட்டோ வல்லார்ட்டாவில் மாரடைப்பால் காலமானார்.

தாக்கம்

இன்றைய மின்திறன் மேலாண்மைச் சில்லொன்றில் பல சீராக்கிகள் உள்ளன. அவை நுண்செயலியின் கரு, நினைவகம், பிற பகுதிகள் ஆகியவற்றுக்கு வெவ்வேறு மின்னழுத்தங்களை வழங்குகின்றன. அம்மின்னழுத்தங்களைச் சரிபார்க்கும் அளவுகோலாக விட்லர் நடைமுறைப்படுத்திய மேற்கோள் முறையே பரவலாகப் பயன்படுகிறது. 2009 இல் இவர் பெயர் அமெரிக்கத் தேசியப் புத்தாக்குநர் புகழவையில் சேர்க்கப்பட்டது.