புள்ளிகளின் பிறப்பை ஆராய்ந்த ஆலன் டூரிங்

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் கூடங்களில் சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய பின்னும், தோலில் மயிர்த்துளைகளின் வரிசை அழிவதில்லை. அவ்வரிசையைக் கண்டே வெள்ளாட்டுத் தோல் எது, செம்மறித் தோல் எது என்று தொழிலறிந்தோர் பிரித்தறிவர். உயிர் போன பின்னும் எஞ்சும் இவ்வொழுங்கு கருவில் எவ்வாறு தோன்றுகிறது? இத்தகைய வினாவுக்குக் கணிதத்தின் வழியே விடை தேடியவர் ஆலன் டூரிங்.

சென்னையிலிருந்து காட்பாடி, ஆம்பூர் வழியாகப் போத்தனூர் செல்லும் இருப்புப்பாதை அவர் குடும்பத்தோடு தொடர்புடையது. தாய்வழிப் பாட்டனார் எட்வர்ட் ஸ்டோனி மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். தாய் சாரா 1881இல் போத்தனூரில் பிறந்தவர். தந்தை ஜூலியஸ், சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரி. 1912 ஜூன் 23இல் லண்டனில் பிறந்த டூரிங், தந்தையின் பணி இந்தியாவில் இருந்தமையால், இளமையில் பெரும்பாலும் இங்கிலாந்தில் பிறர் இல்லத்தில் வளர்ந்தார்.

1936இல் கணிப்பொறிக்குக் கோட்பாட்டு அடிப்படை வகுத்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் கடற்படையின் மறைமொழியை உடைப்பதில் முன்னின்றார். 1950இல், இயந்திரம் சிந்திக்கக் கூடுமா என்று ஆராய்ந்தார். 1952இல் வெளியான கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்டவை சிந்தனையே இல்லாத வேதிப்பொருள்கள். ஒரு பொருள் தன்னையும் பெருக்கி, தன்னைத் தடுக்கும் மற்றொன்றையும் பெருக்குகிறது. தடுக்கும் பொருளோ விரைந்து பரவுகிறது. முதற்பொருள் திரண்ட இடம் புள்ளியாகிறது. அதைச் சுற்றித் தடை சூழ்கிறது. தடை தேய்ந்த தொலைவில் அடுத்த புள்ளி எழுகிறது. வரைபவர் எவருமில்லை, முன்வரைந்த படமும் இல்லை. நீரில் விழுந்த மைத்துளியைக் கரைத்தழிக்கும் அதே பரவல், இங்கே கோலமிடுகிறது.

அதே ஆண்டு மார்ச்சில், ஆண் ஒருவரோடு கொண்ட உறவுக்காக நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. சிறைக்கு மாற்றாக ஓராண்டு ஹார்மோன் மருந்தை அவர் ஏற்க வேண்டியதாயிற்று. உடல் தன் உருவைத் தானே அடையும் விதத்தை எழுதியவரின் உடலை, வேதிப்பொருளால் மாற்ற அரசு முனைந்தது. 1954 ஜூன் 7இல் சயனைடு நஞ்சால் இறந்தார், வயது 41.

1990இல் பிரான்சின் போர்தோ நகரில், உயிரற்ற ஜெல்லுக்குள் அவர் கணித்த புள்ளிகள் தோன்றின. சுண்டெலியின் மயிர்த்துளைகள் அவ்விதியைத் தழுவியே இடைவெளி கொள்கின்றன என்பதற்கு 2006இல் சான்று கிடைத்தது. பிரித்தானிய அரசு 2009இல் வருத்தம் தெரிவித்தது. 2013இல் அரசியின் மன்னிப்பு வந்தது. அவர் கணக்கை ஆய்வுக்கூடம் மெய்ப்பிக்க 38 ஆண்டுகள் ஆயின; அரசு தன் பிழையை ஒப்புக்கொள்ள 57 ஆண்டுகள் ஆயின.