பாவாத மலைக்கு வராத அரசன்

டிசம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கிவிட்டால் ஹட்டன், நல்லதண்ணி வழியாக மக்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். எங்கள் வீடுகளில் அதைப் பாவாத மலை என்போம். முற்காலத்தில் அதன் செங்குத்தான இடங்களில் இரும்புச் சங்கிலியைப் பிடித்துத்தான் ஏறினார்களாம். அந்தச் சங்கிலிகளை அமைத்தவர் மாமன்னர் இஸ்கந்தர் என்று 15ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் அஷ்ரஃப் பாடினார். அவருக்கு முன்பே, 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா, மலைக்குப் போகும் வழியில் இஸ்கந்தரின் பெயரால் அழைக்கப்பட்ட ஓர் இடத்தையும் அங்கிருந்த குகையையும் நீரூற்றையும் குறித்து வைத்தார்.

இஸ்கந்தர் என்பவர் நாம் வரலாற்றுப் பாடத்தில் படிக்கும் மகா அலெக்சாந்தர்தான். அவர் இலங்கையில் கால் வைத்ததே இல்லை. வராத ஒருவருக்கு இங்கே எப்படிப் பெயர் வந்தது என்று தேடப்போய்த்தான் அவருடைய கதைகளுக்குள் நான் அகப்பட்டுக்கொண்டேன்.

கி.மு. 356இல் மசிடோனியாவின் பெல்லா நகரில் பிறந்தார். அறிஞர் அரிஸ்டோட்டில் அவருக்கு ஆசிரியர். இருபது வயதில் அரசரானார். மறுவருடமே, எதிர்த்து எழுந்த தீப்ஸ் நகரைத் தரைமட்டமாக்கினார். முப்பதாயிரம் பேர் அடிமைகளாக விற்கப்பட்டனர் என்று பழைய கிரேக்க நூல்கள் கணக்குச் சொல்கின்றன. கி.மு. 331இல் பாரசீகப் பேரரசர் தாராவை கௌகமேலாவில் தோற்கடித்தார். அடுத்த ஆண்டு பெர்செபோலிஸ் அரண்மனை தீக்கிரையானது. கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரையில் போரஸ் மன்னரை வென்றார். பியாஸ் நதியோடு அவருடைய வீரர்களே இனி வரமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள்.

அரண்மனையைப் பறிகொடுத்த பாரசீகர்கள் அவரை எப்படி நினைத்திருப்பார்கள்? பழைய ஸரதுஸ்திர சமய நூல்களில் அவர் சபிக்கப்பட்டவர். ஆனால் 1010இல் ஷாநாமாவை முடித்த ஃபிர்தௌஸி அவரைப் பாரசீக மன்னரின் மகனாகவே ஆக்கிவிட்டார்! கிரேக்க இளவரசி நாஹீதை மணந்த பாரசீக மன்னர், அவளுடைய வாய் நாற்றத்தைச் சகிக்காமல் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அவளைக் குணப்படுத்திய மூலிகையின் பெயரைத்தான் பிறந்த பிள்ளைக்கு வைத்தார்களாம். தோற்கடித்தவனைச் சொந்தக்காரனாக்கிவிட்டால் தோல்வி அவ்வளவு வலிக்காது போலும்.

எனக்குப் பிடித்தது ஆபே ஹயாத் கதை. சாகாவரம் தரும் அந்த நீரைத் தேடி இஸ்கந்தரும் ஹிழ்ரு (அலை) அவர்களும் இருள் தேசத்துக்குள் போகிறார்கள். ஹிழ்ரு (அலை) அவர்களுக்கு ஊற்று கிடைக்கிறது. உலகையே வென்றவர் வெறுங்கையோடு திரும்புகிறார். நிஸாமியும் இதைப் பாடியிருக்கிறார். கதிர்காமத்துப் பள்ளிவாசலுக்குப் போகும் நம்மவர்கள் அந்த ஊரை ஹிழ்ரு (அலை) அவர்களோடும் ஹயாத் நீரோடும் சேர்த்துப் பேசுவதால், இந்தக் கதை நம் நாட்டுக்கும் புதிதல்ல. உண்மை அலெக்சாந்தருக்கும் ஒரு தண்ணீர்க் கதை உண்டு. இந்தியாவிலிருந்து திரும்புகையில் பாலைவனத்தில் படையே தாகத்தால் மாண்டுகொண்டிருந்தது. வீரர்கள் எங்கோ கிடைத்த கொஞ்சத் தண்ணீரைத் தலைக்கவசத்தில் ஏந்திவந்து கொடுத்தார்கள். எல்லோர் முன்னாலும் அதை மணலில் ஊற்றிவிட்டார் என்று அர்ரியன் எழுதுகிறார். அந்த ஒரு கணத்துக்காக அவரை எனக்குப் பிடிக்கிறது. அந்தப் பாலைவனத்துக்குள் அவர்களைக் கூட்டிவந்ததும் அவர்தான் என்பது அடுத்த கணமே நினைவுக்கு வருகிறது.

இனி, நம்மில் பலர் கேட்கும் கேள்வி. வெள்ளிக்கிழமைகளில் நாம் ஓதும் சூரா அல்கஹ்ஃபில் வரும் துல்கர்னைன் இவர்தானா? இமாம் ராஸி போன்றோர் ஆம் என்றார்கள். இப்னு தைமிய்யாவும் இப்னு கஸீரும் மறுத்தார்கள். மௌலானா அபுல் கலாம் ஆஸாத், பாரசீக மன்னர் சைரஸே அவர் என்றார். குர்ஆன் பெயரைச் சொல்லவில்லை, செயலைச் சொல்கிறது. பலவீனமான ஒரு கூட்டத்தார் மதில் கட்டித் தரும்படி பணம் தர முன்வந்தபோது துல்கர்னைன் அதை வாங்கவில்லை. உழைப்பை மட்டும் கேட்டு, இரும்பும் செம்பும் உருக்கிக் கட்டிக் கொடுத்து, அது தன் இறைவனின் அருள் என்றார். தீப்ஸில் முப்பதாயிரம் பேரை விற்றவரை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க என் மனம் ஒப்பவில்லை. பெரிய ஆலிம்களே கருத்து வேறுபட்ட விடயத்தில் இது ஒரு மாணவியின் எண்ணம் மட்டுமே.

மலாய் மக்களிடம் ஹிகாயத் இஸ்கந்தர் ஸுல்கர்னைன் என்ற நூலே இருக்கிறது. மலாக்கா சுல்தான்கள் தாங்கள் இஸ்கந்தரின் வழித்தோன்றல்கள் என்றார்கள். உண்மையில் அவர் கி.மு. 323இல், 32 வயதில், பாபிலோனில் இறந்தபோது மனைவி ரொக்சானா கர்ப்பிணி. தந்தையைக் காணாமல் பிறந்த மகனுக்கும் அலெக்சாந்தர் என்றே பெயரிட்டார்கள். தளபதிகள் நாடுகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை மீசை முளைக்கும் முன்பே, தாயோடு சேர்த்து, அவர்களில் ஒருவனின் உத்தரவால் கொல்லப்பட்டான்.