விரல்நுனியில் எழுத்து

எழுத்து என்பது கண்ணால் காண்பதற்கே உரியது என்று மக்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். விரலால் தொட்டும் படிக்கலாம், எழுதலாம் என்பதைத் தம் 15ஆம் வயதிலேயே செய்து காட்டியவர் லூயி பிரெயில். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

பிறப்பும் இளமையும்

லூயி பிரெயில் 1809ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள், பிரான்சு நாட்டிலுள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் பாரிசு நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவருடைய தந்தையார் குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்யும் தோல் தொழிலாளர். மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது, லூயி தந்தையின் பட்டறையில் விளையாடினார். தோலைத் துளைக்கும் குத்தூசி அவர் கண்ணில் குத்தியது. புண் சீழ்பிடித்து மற்றொரு கண்ணையும் தாக்கியது. ஐந்து வயதிற்குள் இரு கண்களும் முற்றிலும் ஒளி இழந்தன.

மகன் கல்வியறிவு பெறவேண்டும் என்று பெற்றோர் உறுதிகொண்டனர். தந்தையார் மரப்பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அறைந்து, மகன் தடவி அறியுமாறு செய்தார். ஊர்ப்பள்ளியும் லூயியை ஏற்றுக்கொண்டது. ஆசிரியர் சொல்வதைக் கேட்டு, அப்படியே நினைவில் இருத்தும் ஆற்றல் அவரிடம் இருந்தது. ஆயினும், பிற மாணவர் நூலைத் திறந்து படிக்கத் தொடங்கியதும் அவர் வெறுங்கையுடன் அமர்ந்திருக்க நேர்ந்தது. பள்ளியின் கதவு அவருக்குத் திறந்திருந்தது. நூலின் கதவு திறக்கவில்லை.

பாரிசு நகரில் கல்வி

1819ஆம் ஆண்டு, தம் 10ஆம் வயதில், பாரிசு நகரிலிருந்த பார்வையற்ற சிறுவர்களுக்கான பள்ளியில் லூயி சேர்ந்தார். அங்கே அவர்கள் தடவிப் படிப்பதற்கு நூல்கள் இருந்தன. பார்வையுள்ளோர் படிக்கும் எழுத்துகளே அந்நூல்களில் பெரிதாகப் புடைத்திருக்கும். ஒவ்வொரு நூலும் மிகுந்த எடை உடையது. ஓர் எழுத்தை முழுவதும் தடவி உணர்ந்த பின்னரே அடுத்த எழுத்திற்குச் செல்ல இயலும். வரியின் முடிவை அடைவதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும். அவ்வெழுத்துகளை மாணவர் தாமே எழுதுவதும் எளிதன்று.

1821ஆம் ஆண்டு, சார்லசு பார்பியே என்னும் முன்னாள் படைவீரர் தாம் வகுத்த புள்ளி எழுத்து முறையை அப்பள்ளிக்கு அறிமுகம் செய்தார். விரலுக்குக் கோட்டைவிடப் புள்ளி எளிதில் புலப்படுவதை லூயி உடனே உணர்ந்தார். எனினும், அம்முறையில் குறைகள் இருந்தன. ஒரு குறியீட்டிற்கு 12 புள்ளிகள் வரை தேவைப்பட்டன. அவை விரல்நுனிக்குள் அடங்கவில்லை. மேலும், அது ஒலிகளை மட்டுமே குறித்தது. சொல்லின் எழுத்துகளையும் நிறுத்தற்குறிகளையும் அதனால் காட்ட இயலவில்லை.

ஆறு புள்ளிகள்

லூயி ஓய்வு கிடைத்த பொழுதெல்லாம் தாளில் புள்ளிகளைக் குத்திக் குத்தி ஆராய்ந்தார். 1824ஆம் ஆண்டளவில் புதிய முறை உருவாயிற்று. நெடுக்கில் மூன்று புள்ளிகள், அவற்றின் அருகே மூன்று புள்ளிகள்; ஆக ஆறு புள்ளிகள். இவ்வாறும் ஒரே தொடுதலில் விரல்நுனியால் அறியக்கூடியவை. இவற்றுள் சிலவற்றைப் புடைக்கச் செய்து, சிலவற்றை விட்டுவிட்டால் 63 வடிவங்கள் கிடைக்கும். எழுத்து, எண், நிறுத்தற்குறி, இசைக்குறிப்பு ஆகிய அனைத்தையும் அவற்றால் எழுதலாம்.

பின்னர் லூயி தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியரானார். 1829ஆம் ஆண்டு தம் முறையை விளக்கி நூல் வெளியிட்டார். மாணவர்கள் அதனை ஆர்வத்துடன் கற்றனர். ஆனால், பார்வையுள்ளோர் அறியாத எழுத்து பார்வையற்றோரைச் சமுதாயத்திலிருந்து பிரித்துவிடும் என்று கருதியோரும் இருந்தனர். ஒரு காலத்தில் பள்ளித் தலைமையே அம்முறைக்கு இடம் தரவில்லை. மாணவர்களோ அதனைக் கைவிடவில்லை. தாமே எழுதவும், எழுதியதைத் தாமே படிக்கவும் வழி கண்டபின், அதனை இழக்க அவர்கள் விரும்பவில்லை.

பல்லாண்டுகள் காசநோயால் துன்புற்ற லூயி, 1852ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், தம் 43ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவர் பணியாற்றிய பள்ளி 1854ஆம் ஆண்டில் அவர் எழுத்தை முறையாக ஏற்றுக்கொண்டது. அதனைக் காண அவர் இல்லை.

இந்தியாவில் பிரெயில்

இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவாகப் பாரதி பிரெயில் என்னும் முறை 1951ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. நீங்கள் தமிழும் இந்தியும் பயில்கின்றீர்கள். ககர எழுத்து அவ்விரு மொழிகளிலும் கண்ணுக்கு வெவ்வேறு வடிவில் தோன்றுகிறது. பிரெயில் முறையிலோ இரண்டிற்கும் 1ஆம், 3ஆம் புள்ளிகளே உரியவை. லூயியின் 200ஆம் பிறந்த ஆண்டை முன்னிட்டு, 2009இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த 2 ரூபாய் நாணயத்தை வெளியிட்டது.

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் பிறருடன் ஒன்றாகக் கற்கும் கல்வியை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வலியுறுத்துகிறது. வகுப்பில் இடம் தருவது அதன் தொடக்கமே. படிக்கத்தக்க நூலும், எழுதத்தக்க கருவியும், கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லும் ஆசிரியரும், உடனிருந்து கற்கும் தோழரும் அமைந்தால்தான் கல்வி நிறைவுபெறும். லூயியிடம் அறிவு முன்பே இருந்தது. அவருக்கு ஏற்ற எழுத்துதான் இல்லாதிருந்தது.

சொற்பொருள்

சேணம் – குதிரையின் முதுகில் இடும் இருக்கை
குத்தூசி – தோலைத் துளைக்கும் கருவி
புடைத்தல் – மேலெழுந்து நிற்றல்
இயற்கை எய்துதல் – இறத்தல்

வினாக்கள்

1. புடைத்த பெரிய எழுத்துகளைப் படிப்பதில் இருந்த இடர்ப்பாடுகள் யாவை?
2. பார்பியேயின் முறையில் லூயி கண்ட குறைகள் இரண்டினை எழுதுக.
3. மாணவர்கள் பிரெயில் எழுத்தைக் கைவிடாமைக்குக் காரணம் யாது?
4. உங்கள் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் சேர்ந்தால், வகுப்பறையில் எவற்றை மாற்றி அமைப்பீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.