எழுத்துகளைத் தேடிய கணக்கு வாத்தியார்

ஜி, பி. இந்த ரெண்டு ஆங்கில எழுத்தும் இதே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் வர்ற மாதிரி ஒரு ஆங்கில வார்த்தை சொல்லுங்க பார்ப்போம். போனைத் தொடக் கூடாது. ஒரு நிமிஷம் டைம்.

வரலையா? இன்னும் கொஞ்ச நேரம் தேடலாம். என்னால முடியலன்னு கையைத் தூக்கிடலாம். இல்லன்னா, அப்படி ஒரு வார்த்தையே கிடையாதுன்னு அடிச்சுச் சொல்லலாம். கடைசி ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும். ஆனா ஒண்ணு இல்லை. எனக்குக் கிடைக்கலங்கிறது வேற, இல்லவே இல்லைங்கிறது வேற. இந்த வித்தியாசத்தை ஒரு விளையாட்டோட விதியாகவே எழுதி வைத்தவர் ஒருவர் இருந்தார். அவரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட் எழுதிய லூயிஸ் கரோல்.

உண்மையான பெயர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன். 1832 ஜனவரி 27 அன்று இங்கிலாந்தின் டேர்ஸ்பரி கிராமத்தில் பிறந்தார். அப்பா பாதிரியார். வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள், அதில் இவர்தான் மூத்த ஆண் பிள்ளை. தம்பி தங்கைகளுக்காகக் கையாலேயே பத்திரிகை எழுதி நடத்தினார். ஒரு வகையில் நம்ம இ-மேகசினுக்கு அவர் பெரியப்பா முறை!

சின்ன வயசிலேயே அவருக்குத் திக்குவாய். உடன்பிறந்தவர்களில் பலருக்கும் அதே பிரச்சினை இருந்தது. ஒரு காதும் சரியாகக் கேட்காது. மனசில் வாக்கியம் தயாராக இருக்கும், ஒரு எழுத்தில் வந்து நாக்கு நின்றுவிடும். வைவாவில் பதில் தெரிந்தும் வாய் வராமல் நின்றிருக்கீங்களா? அது அவருக்குத் தினமும் நடந்தது.

1851 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்கு வந்தார். வந்து சேர்ந்த சில நாளிலேயே அம்மா இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடுதான் படிப்பைத் தொடங்கினார். 1854-இல் கணிதத்தில் முதல் வகுப்பு. அடுத்த வருஷமே அதே கல்லூரியில் கணித விரிவுரையாளர். 1881 வரைக்கும் அந்த வேலைதான். திக்குவாய்க்காரருக்கு வாயால் பிழைக்கும் வேலை!

பேச்சில் வம்பு பண்ணிய அதே எழுத்துகள் தாளில் அவர் சொன்னபடி கேட்டன. 1856-இல் புனைபெயர் தேவைப்பட்டபோது, சார்லஸ் லட்விட்ஜ் என்ற தன் பெயரின் 15 எழுத்துகளையும் கலைத்துப் போட்டு எட்கர் கத்வெலிஸ் என்று ஒன்று செய்தார். ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதே பெயரை லத்தீனுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்ததில் கிடைத்தது லூயிஸ் கரோல். பத்திரிகை ஆசிரியர் அதைத்தான் தேர்ந்தெடுத்தார். 1865-இல் ஆலிஸ் புத்தகம் வந்தது. மிச்சம் உலகத்துக்கே தெரியும்.

நமக்கு வேண்டியது அதற்குப் பிந்தைய கதை. 1877 கிறிஸ்துமஸ் சமயத்தில், பொழுது போகலன்னு சொன்ன ரெண்டு சிறுமிகளுக்காக ஒரு விளையாட்டு உண்டாக்கினார். பெயர் டப்லெட்ஸ். ஒரே நீளமுள்ள ரெண்டு வார்த்தை. ஒவ்வொரு படியிலும் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைக்குப் போகணும். நடுவில் வர்றதெல்லாம் உண்மையான வார்த்தையாக இருக்கணும். கேட், காட், காக், டாக். ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்க, மூணே அடியில் பூனை நாயாகிவிடும். 1879-இல் வேனிட்டி ஃபேர் பத்திரிகை இதைப் போட்டியாகவே நடத்தியது. எது செல்லும், எது செல்லாது என்று சண்டை வரக் கூடாதே என்பதற்காக, புத்தகமாக வந்தபோது வார்த்தைப் பட்டியலும் சேர்த்தார்.

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? பிளேஸ்மென்ட் கோடிங் ரவுண்டுக்குத் தயாராகும்போது பிரெட்த் ஃபர்ஸ்ட் சர்ச் போட்டுத் தீர்ப்போமே, வேர்ட் லேடர்? அதேதான். வார்த்தைகளை நோடாகவும், ஒரு எழுத்து மாற்றத்தை எட்ஜாகவும் நாம் வரைகிறோம். அவர் மனசுக்குள்ளேயே நடந்தார்.

1880 டிசம்பரில், எழுத்துகளைச் சதுரங்கப் பலகையில் நகர்த்தி வார்த்தை உண்டாக்கலாமே என்று டைரியில் குறித்து வைத்தார். ஸ்கிராபிள் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பு.

அதற்கு அடுத்து வந்ததுதான் நாம ஆரம்பத்தில் ஆடியது. இளவயதில் நடத்திய கையெழுத்துப் பத்திரிகை ஒன்றின் பெயரையே அதற்கு வைத்தார்: மிஷ்மாஷ். ரெண்டு பேர் ஆடணும். ஒருவர் சில எழுத்துகளைக் கொடுப்பார், மற்றவர் அவை அதே வரிசையில் ஒட்டி வரும் வார்த்தையைக் கண்டுபிடிக்கணும். இ, எம், ஓ கொடுத்தால் லெமன். ஐ, எம், எஸ், இ கொடுத்தால் ஹிம்செல்ஃப். ஜி, பி கொடுத்தால் மேக்பை என்ற பறவை.

இதில் ஒரு விதி அழகு. எழுத்தைக் கொடுப்பவருக்கே விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. உண்மையிலேயே விடை இல்லாத கேள்வியாகவும் இருக்கலாம். அதனால் தேடுபவர் ரெண்டில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லணும்: நான் விட்டுட்டேன், இல்லன்னா, அப்படி வார்த்தையே இல்லை. இல்லைன்னு சொன்ன பிறகு எதிராளி ஒரே ஒரு வார்த்தை காட்டினால் போச்சு. கணக்குப் புத்தகத்தில் கவுன்டர் எக்சாம்பிள் என்று படிக்கிறோமே, அதை அவர் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவரோட சொந்த வாழ்க்கையிலும் இதே கேள்வி இருந்தது. பேச்சுப் பயிற்சிக்குப் போனார். 1861-இல் திருச்சபையில் முதல் படியான டீக்கன் ஆனார். அதற்கு மேல், அப்பாவைப் போல முழுப் பாதிரியாராக ஆகவே இல்லை. பிரசங்கம் என்பது அவருக்கு அவ்வளவு பயம். அத்தோடு கதை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் முடியலைங்கிறதை முடியாதுன்னு அவர் எழுதி மூடவில்லை. வயசான காலத்தில் பிரசங்க மேடை ஏறினார். ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் மேரி தேவாலயத்திலேயே பேசினார். திக்கல் கடைசிவரை முழுசாகப் போகவில்லை. அதோடேயே பேசினார்.

தூக்கம் வராத இரவுகளில் மனசுக்குள் கணக்குப் போடுவார். அப்படிப் போட்ட 72 கணக்குகள் 1893-இல் புத்தகமாக வந்தன. விளக்கேற்றாமல் இருட்டிலேயே குறிப்பெடுக்க, 1891-இல் சதுர ஓட்டைகள் வெட்டிய ஒரு அட்டையையும், புள்ளியும் கோடுமாகத் தனி எழுத்து முறையையும் உண்டாக்கினார். 1898 ஜனவரி 14 அன்று, கில்ட்ஃபோர்டில் சகோதரிகளின் வீட்டில் நிமோனியாவால் இறந்தார். 66 வயது முடிய இன்னும் ரெண்டு வாரம் கூட இல்லை.

போகும் முன்னாடி உங்களுக்கு ஒன்று. கே, எஸ், எச், ஓ. க்ளூ வேணும்னா, முதல் வருஷம் அரத்தைப் பிடிச்சு இரும்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு கை காய்ச்ச இடத்தை நினைச்சுக்கோங்க. விட்டுட்டேன்னு சொன்னாலும் பரவாயில்லை. இல்லவே இல்லைன்னு மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிடாதீங்க.